ஆங்கிலத்தில் காலம் தெரிதல்: அட்டவணை மட்டும் போதுமா?



எனது வகுப்பில் ஒருமுறை கடிதம் எழுதும் பயிற்சி நடந்தது. தாயார் இரண்டு வாரங்களாகச் சுகயீனமாக இருக்கிறார், அவரைப் பராமரிக்க இரண்டு நாள் விடுமுறை வேண்டும் என அதிபருக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தரம் 11 மாணவி ஒருத்தி எழுதிய முதல் வாக்கியம் இது: "மை மதர் வோஸ் சிக் ஃபோர் டூ வீக்ஸ்."

இவ்வாக்கியத்தில் எழுத்துப்பிழை இல்லை. எழுவாயும் வினையும் பொருந்துகின்றன. ஆனால் ஆங்கிலம் நன்கு தெரிந்த ஒருவர் இதை வாசித்தால் அவருக்கு விளங்குவது வேறு. தாயார் இரண்டு வாரம் சுகயீனமாக இருந்தார், இப்போது குணமடைந்துவிட்டார் என்பதே இதன் பொருள். குணமடைந்த தாயைப் பராமரிக்க விடுமுறை எதற்கு என்று அதிபர் கேட்டால் அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்வாள்? அவள் எழுத நினைத்தது உண்மை. அவள் தெரிந்த காலம் அந்த உண்மையை மாற்றிவிட்டது. "மை மதர் ஹாஸ் பீன் சிக் ஃபோர் டூ வீக்ஸ்" என்று எழுதியிருந்தால் தாயார் இன்னும் படுக்கையில் இருக்கிறார் என்பது தெளிவாக விளங்கியிருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. முந்திய வாரம் வைத்த சிறு பரீட்சையில் பன்னிரண்டு காலங்களின் அட்டவணையை ஒரு பிழையும் இன்றி எழுதி முழுப் புள்ளி பெற்றவள் அதே மாணவிதான். அட்டவணை அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கடிதம் எழுதும்போது அது கைகொடுக்கவில்லை.

பேசுபவர் எந்த நேரத்தில் நின்றுகொண்டு ஒரு நிகழ்ச்சியைப் பார்க்கிறார் என்பதே ஆங்கிலத்தில் காலத்தைத் தீர்மானிக்கிறது. இதை முதலில் விளக்காமல் அட்டவணையையும் அடையாளச் சொற்களையும் முதலில் மனனம் செய்விப்பது பிழையான வழி என்பது எனது கருத்து. நானும் பல வருடங்கள் அந்தப் பிழையான வழியில்தான் படிப்பித்தேன். ஆகவே இக்குறையை நான் வேறொருவர் மீதும் சுமத்தவில்லை.

அட்டவணை தருவதும் தராததும்

முதலில் அட்டவணைக்குரிய மதிப்பைக் கொடுப்போம். இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற மூன்றையும், சாதாரணம், தொடர்வினை, வினைமுற்று, வினைமுற்றுத் தொடர் என்ற நான்கு வகைகளால் பெருக்கினால் பன்னிரண்டு கட்டங்கள் கிடைக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் துணைவினை எது, பிரதான வினை எந்த வடிவில் வரும் என்பதை இவ்வட்டவணை காட்டுகிறது. "கோ, வென்ட், கோன்" என்பது போன்ற வினை வடிவங்களை எப்படியும் மனனம் செய்தே ஆகவேண்டும். அதற்குக் குறுக்குவழி இல்லை.

ஆனால் அட்டவணை ஒரு வடிவத்தை எவ்வாறு ஆக்குவது என்று மட்டுமே சொல்கிறது. எப்போது அதைத் தெரிய வேண்டும் என்று சொல்வதில்லை. கடையில் பன்னிரண்டு சாவிகளை வாங்கி வைத்திருப்பவனுக்கு எந்தப் பூட்டுக்கு எது என்று தெரியாவிட்டால் அவன் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

பன்னிரண்டு என்ற எண்ணைக் கண்டு பயப்படவும் தேவையில்லை. குவேர்க், கிரீன்பாம், லீச், சுவார்ட்விக் ஆகிய நால்வரும் 1985 இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கண நூல், வினைச்சொல்லின் வடிவத்தை வைத்துப் பார்த்தால் ஆங்கிலத்தில் நிகழ்காலம், இறந்தகாலம் என்ற இரண்டு காலங்களே உண்டு என்று கொள்கிறது. "வில்" என்பது ஒரு துணைவினை. பரீட்சையில் நீங்கள் இதை எழுத வேண்டியதில்லை. பன்னிரண்டு கட்டங்களுக்கும் அடியில் இருப்பவை சில எளிய தீர்மானங்களே என்பதை விளங்கிக்கொண்டால் போதும்.

அடையாளச் சொற்கள் ஏமாற்றும் இடங்கள்

அட்டவணையோடு சேர்த்து நாங்கள் கொடுக்கும் இன்னொரு பட்டியல் அடையாளச் சொற்கள். "எவ்ரி டே" வந்தால் சாதாரண நிகழ்காலம், "நவ்" வந்தால் தொடர்வினை, "ஓல்ரெடி", "சின்ஸ்" வந்தால் நிகழ்கால வினைமுற்று, "டுமோரோ" வந்தால் "வில்" என்று கொப்பியில் எழுதிக் கொடுக்கிறோம். பல இடங்களில் இது சரியாக அமைவதால் மாணவர்கள் இதையே சட்டமாக நம்பிவிடுகிறார்கள். பின்வரும் இடங்களைப் பாருங்கள்.

"தரம் 5 இல் படித்தபோது நான் ஒவ்வொரு நாளும் பாடசாலைக்கு நடந்து சென்றேன்." இங்கே "எவ்ரி டே" இருக்கிறது. ஆயினும் விடை "வோக்" அல்ல, "வோக்ட்". அந்தப் பழக்கம் முடிந்துவிட்டது.

"இப்போது எனக்கு விடை தெரியும்." இங்கே "நவ்" இருக்கிறது. ஆயினும் "ஐ ஆம் நோவிங்" என்று எழுதுவது பிழை. "ஐ நோ" என்பதே சரி. அறிதல், விரும்புதல், நம்புதல், சொந்தமாக வைத்திருத்தல் போன்றவை செயல்கள் அல்ல, நிலைகள். அவை பொதுவாகத் தொடர்வினையில் வருவதில்லை.

"நாளை காலை ஆறு மணிக்கு ரயில் புறப்படுகிறது." இங்கே "டுமோரோ" இருக்கிறது. ஆயினும் நேர அட்டவணைப்படி நடப்பதை ஆங்கிலத்தில் "த ட்ரெயின் லீவ்ஸ்" என்று சாதாரண நிகழ்காலத்திலேயே சொல்லலாம்.

"நான் பிறந்ததிலிருந்து இந்த ஊரில் வசிக்கிறேன்." இது "ஐ ஹாவ் லிவ்ட் இன் திஸ் வில்லேஜ் சின்ஸ் ஐ வோஸ் போர்ன்" என்று வரும். "சின்ஸ்" என்ற சொல்லைக் கண்டவுடன் இரண்டு வினைகளுக்கும் "ஹாவ்" சேர்ப்பவர்கள் பலர். வசிப்பது இன்றுவரை நீள்கிறது. பிறந்தது ஒருநாள் நடந்து முடிந்தது. ஒரே வாக்கியத்தில் இரண்டு காலங்கள் வருவதற்குக் காரணம் அதுவே.

"திஸ் மோர்னிங்" என்ற சொற்றொடர் இன்னும் சுவையானது. காலை பத்து மணிக்கு "இன்று காலை நான் தேநீர் குடிக்கவில்லை" என்று சொல்பவர் "ஐ ஹாவ் நொட் ஹாட் டீ திஸ் மோர்னிங்" என்பார். காலை இன்னும் முடியவில்லை, குடிக்க இடமுண்டு. அதே விடயத்தை மாலை நான்கு மணிக்குச் சொன்னால் "ஐ டிட் நொட் ஹாவ் டீ திஸ் மோர்னிங்" என்றாகும். சொற்றொடர் ஒன்றுதான். மணிக்கூடு நகர்ந்ததால் வினை மாறியது. இதை எந்த அடையாளச் சொற் பட்டியலிலும் அடக்க முடியாது.

யாழ்தேவி கற்பிக்கும் பாடம்

எங்கள் நாட்டுச் சம்பவம் ஒன்றைக் கொண்டு இதை விளக்குகிறேன். யாழ்தேவி ரயில் சேவை 1956 இல் தொடங்கியது. யுத்தம் காரணமாக 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் சேவை நின்றது. தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. மீண்டும் யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்துக்கு ரயில் வந்தது 2014 ஒக்டோபரில். இடைப்பட்ட இருபத்து நான்கு வருடங்களில் அங்கே பிறந்து, வெளியே எங்கும் செல்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு ரயில் என்பது புத்தகத்தில் உள்ள ஒரு படம்.

அப்படியொரு பிள்ளை 1995 இல் பிறந்ததாக வைத்துக்கொள்வோம். 2010 இல், பதினைந்து வயதில், அவன் ஆங்கிலத்தில் என்ன சொல்வான்? "ஐ ஹாவ் நெவர் சீன் எ ட்ரெயின்." பிறந்த நாள் முதல் பேசும் கணம்வரை உள்ள காலம் திறந்திருக்கிறது. நாளைக்குக்கூடக் காணலாம். எனவே நிகழ்கால வினைமுற்று.

2014 இல் அவன் ரயிலைக் கண்டுவிட்டான். பின்னர் ஒருவர் கேட்டால் "ஐ சோ எ ட்ரெயின் இன் 2014" என்பான். வருடம் சொல்லப்பட்டுவிட்டது. அது மூடிய காலம். எனவே சாதாரண இறந்தகாலம். இங்கே "ஐ ஹாவ் சீன்" என்று எழுத முடியாது.

இன்று அவன் தன் இளமைக்காலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறான். "பிஃபோர் 2014 ஐ ஹாட் நெவர் சீன் எ ட்ரெயின்" என்று எழுதுவான். இப்போது அவன் 2014 என்ற இடத்தில் மனத்தளவில் நின்று, அதற்கும் முந்திய வருடங்களைத் திரும்பிப் பார்க்கிறான். இதுவே இறந்தகால வினைமுற்று.

ரயிலைக் காணாத அந்த வாழ்க்கை ஒன்றுதான். அதைப் பற்றிப் பேசுபவன் நிற்கும் இடம் மாறியதால் "ஹாவ்" என்பது "ஹாட்" ஆயிற்று. இந்த உதாரணத்தை விளங்கிக்கொண்ட மாணவருக்கு வினைமுற்றுக் காலங்கள் இரண்டும் இனி ஒருபோதும் குழம்பா.

தமிழ் எங்கே உதவும், எங்கே தடுக்கும்

ஆங்கிலம் படிக்கும்போது தமிழை மறந்துவிடுங்கள் என்று சிலர் அறிவுரை கூறுவர். இக்கருத்தை நான் ஏற்பதில்லை. தொல்காப்பியமும் நன்னூலும் காலத்தை இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என மூன்றாகவே வகுத்தன. அதேவேளை விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் ஒரு காலம் இன்னொரு காலமாகச் சொல்லப்படலாம் என்று நன்னூல் இடமளிக்கிறது. இதையே கால வழுவமைதி என்கிறோம். அம்மா அழைக்கும்போது இன்னும் எழும்பாமலே "இதோ வந்துவிட்டேன்" என்கிறீர்கள் அல்லவா? இன்னும் நடக்காததை நடந்ததாகச் சொல்கிறீர்கள். அதற்குக் காரணம் விரைவு. வினையின் காலம் மணிக்கூட்டின் நேரத்தோடு எப்போதும் ஒத்துப்போக வேண்டியதில்லை என்பது தமிழ் மாணவருக்குப் புதிய செய்தி அன்று.

"மழை பெய்தது", "மழை பெய்துகொண்டிருந்தது" ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆங்கிலத்தில் சாதாரண இறந்தகாலத்துக்கும் இறந்தகாலத் தொடர்வினைக்கும் உள்ள வேறுபாடும் பெரும்பாலும் அதுவே.

ஆனால் நான்கு இடங்களில் தமிழ் எங்களைத் தடுக்கி விழச்செய்யும்.

முதலாவது, "அவர் நேற்று வந்திருக்கிறார்." ஒரு மாணவன் இதை "ஹி ஹாஸ் கம் யெஸ்டர்டே" என்று எழுதினான். பிழை என்றேன். "சேர், தமிழிலை வந்திருக்கிறார் எண்டுதானே சொல்லுறம்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. வந்ததை நேரில் காணாமல், செருப்பையோ பையையோ பார்த்து ஊகிக்கும்போதும் தமிழில் "வந்திருக்கிறார்" என்போம். அதோடு "நேற்று" என்ற சொல்லும் சேரும். ஆங்கில வினைமுற்று அதற்கு இடமளிக்காது. முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் "ஹி கேம் யெஸ்டர்டே" என்பதே சரி.

இரண்டாவது, "ஐந்து வருடங்களாக இங்கே இருக்கிறேன்." தமிழில் நிகழ்காலம் போதும். ஆங்கிலத்தில் போதாது. "ஐ ஹாவ் பீன் ஹியர் ஃபோர் ஃபைவ் இயர்ஸ்" என்று வரவேண்டும். மேலே சொன்ன மாணவியின் கடிதமும் இந்த இடத்திலேதான் இடறியது.

மூன்றாவது, "நாளை வருகிறேன்." இதை "ஐ கம் டுமோரோ" என்று எழுதுவோர் உண்டு. ஏற்கெனவே செய்த ஏற்பாடு என்றால் "ஐ ஆம் கமிங்", பேசும்போது எடுத்த தீர்மானம் அல்லது வாக்குறுதி என்றால் "ஐ வில் கம்" என்று எழுதுங்கள்.

நான்காவது, "அவர் நாளை வரும்போது சொல்கிறேன்." எதிர்காலம்தானே என்று "வென் ஹி வில் கம்" என்று எழுதக்கூடாது. நேரத்தைக் குறிக்கும் இத்தகைய பகுதியில் ஆங்கிலம் நிகழ்காலத்தையே வேண்டுகிறது: "வென் ஹி கம்ஸ்". "மழை பெய்தால்" என்பதற்கு "இஃப் இட் ரெயின்ஸ்" என்று வருவதும் இவ்வாறே.

மூன்று கேள்விகள்

இனி வினாத்தாளுக்கு வருவோம். பந்தி ஒன்றைத் தந்து, தரப்பட்ட வினைகளைச் சரியான வடிவத்தில் எழுதுக என்று கேட்கும் வினாவை எல்லோரும் செய்து பழகியிருப்பீர்கள். அதற்கு விடையளிக்கும்போது ஒவ்வொரு வினையிடமும் பின்வரும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: இப்பந்தியில் பேசுபவர் எந்த நேரத்தில் நிற்கிறார்? இன்றிலா, கடந்துபோன ஒரு நாளிலா?

இரண்டு: இந்நிகழ்ச்சி அவர் நிற்கும் நேரத்தில் நடந்ததா, அல்லது அதற்கு முன்னரே நடந்து அந்த நேரத்தோடு தொடர்புபட்டிருக்கிறதா?

மூன்று: அவர் நிகழ்ச்சியை முழுமையாகப் பார்க்கிறாரா, அல்லது நடந்துகொண்டிருக்கும் நடுவில் பார்க்கிறாரா?

செய்து பார்ப்போம். ஒரு மாணவன் சொல்கிறான்: சென்ற வெள்ளிக்கிழமை மாலை நான் வகுப்பிலிருந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. நான் சந்தியை அடைந்தபோது கடைசி பஸ் ஏற்கெனவே போய்விட்டது. நிரப்ப வேண்டிய வினைகள் "வோக்", "ரெயின்", "ரீச்", "லீவ்" என்பன.

முதற் கேள்விக்கு விடை: அவன் சென்ற வெள்ளிக்கிழமையில் நிற்கிறான். எனவே நான்கு வினைகளும் இறந்தகாலப் பக்கத்திலேயே அமையும். நடந்ததும் மழை பெய்ததும் நடுவில் பார்க்கப்படுகின்றன: "வோஸ் வோக்கிங்", "வோஸ் ரெயினிங்". சந்தியை அடைந்தது முழுமையான ஒரு நிகழ்ச்சி: "ரீச்ட்". பஸ் போனதோ அவன் அடைவதற்கு முன்னர்: "ஹாட் லெஃப்ட்".

அடையாளச் சொற்களை மட்டும் படித்தவர் "ஓல்ரெடி" என்பதைக் கண்டவுடன் "ஹாஸ் லெஃப்ட்" என்று எழுதிவிடுவார். அமெரிக்க வழக்கில் "ஓல்ரெடி" சாதாரண இறந்தகாலத்தோடும் வருவதுண்டு என்பதையும் அறிந்து வையுங்கள். நாங்கள் பாடசாலையில் படிப்பது பெரும்பாலும் பிரித்தானிய மரபு. எந்த மரபாயினும் இவ்விடத்தில் "ஹாஸ்" பொருந்தாது. ஏனெனில் பேசுபவன் இன்றில் நிற்கவில்லை.

பரீட்சைக்கு நேரம் இல்லையே?

இவ்வாறு நான் சொல்லும்போது பெற்றோரும் சில ஆசிரியர்களும் எழுப்பும் ஆட்சேபம் ஒன்று உண்டு. பரீட்சைக்குச் சில மாதங்களே உள்ளன, மெல்லக் கற்கும் பிள்ளைக்கு அட்டவணையும் அடையாளச் சொற்களும் நாலு புள்ளியாவது பெற்றுத் தருமே, அதையும் பறிக்கலாமா? இந்த ஆட்சேபத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. இரண்டு பாடங்களுக்கு நடுவே பஸ்ஸில் ஓடிவரும் பிள்ளையின் களைப்பும் எனக்குத் தெரியும்.

எனது பதில் இதுதான். அட்டவணையைப் பறிக்க வேண்டாம், அதை இரண்டாவது இடத்தில் வையுங்கள். அடையாளச் சொற்களைச் சந்தேகத்தோடு பயன்படுத்துங்கள். தனி வாக்கியம் ஒன்றில் அச்சொல் கைகொடுக்கலாம். பந்தியில் ஒரு வினை மற்றொன்றைச் சார்ந்து நிற்கிறது. அங்கே அச்சொல்லை மட்டும் நம்பினால், தெரிந்த விடயத்திலேயே புள்ளி போகும். மூன்று கேள்விகளைக் கேட்பது முதல் வாரத்தில் மெதுவாகவே இருக்கும். பழகியபின் கேட்பதே தெரியாமல் கேட்பீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்பு வாசலில் நின்று "சேர், எத்தனை ரென்ஸ் முடிஞ்சுது?" என்று கேட்கிறீர்கள். நாங்களும் எண்ணிக்கை சொல்லித் தப்பிவிடுகிறோம். அதற்குப் பதிலாகப் பிள்ளை இன்று எழுதிய ஐந்து வாக்கியங்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

மாணவர்கள் செய்ய வேண்டியவை இரண்டு. கடந்தகால வினாத்தாள் ஒன்றைச் செய்து திருத்தியபின், ஒவ்வொரு வினையின் பக்கத்திலும் காலத்தின் பெயரை எழுதாமல், அதைத் தெரிந்த காரணத்தைத் தமிழிலேயே சிறு குறிப்பாக எழுதுங்கள். "அவன் வெள்ளிக்கிழமையில் நிற்கிறான், பஸ் அதற்கு முன்னர் போனது" என்பது போல. அடுத்து, உங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு சம்பவத்தை எடுத்து, நடக்கும்போது சொல்வதாக ஒருமுறையும், மறுநாள் சொல்வதாக ஒருமுறையும், அடுத்த வருடம் நினைவுகூர்வதாக ஒருமுறையும் எழுதுங்கள். வினைகள் எங்கே மாறுகின்றன என்று கோடிட்டுப் பாருங்கள்.

இப்பயிற்சி பரீட்சை மண்டபத்தோடு முடிவதில்லை. நாளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது "ஐ வேர்க்ட் தெயர் ஃபோர் டூ இயர்ஸ்" என்று எழுதினால் அந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்று வாசிப்பவர் நினைப்பார். "ஐ ஹாவ் வேர்க்ட் ஹியர் ஃபோர் டூ இயர்ஸ்" என்று எழுதினால் இன்னும் அங்கேயே பணிபுரிகிறீர்கள் என்று விளங்கிக்கொள்வார். வைத்தியசாலையில் நோயைச் சொல்லும்போதும், காரியாலயத்தில் முறைப்பாடு எழுதும்போதும் இவ்வாறே. உங்களை அறியாத ஒருவர் உங்கள் வாக்கியத்தை மட்டுமே வைத்து உங்கள் நிலையை அறிகிறார்.

அந்த மாணவி அன்று கடிதத்தைத் திருத்தி எழுதினாள். "ஹாஸ் பீன்" என்று மாற்றியபின் அவள் அட்டவணையைப் பார்க்கவில்லை. "அம்மாவுக்கு இன்னும் சுகமில்லைத்தானே சேர், அதாலைதான்" என்றாள். அதுவே சரியான காரணம். அக்காரணத்தைச் சொல்லத் தெரிந்த மாணவருக்கு வினாத்தாளில் எந்தப் பந்தி வந்தாலும் கை நடுங்காது. நீங்கள் அனைவரும் அவ்வாறே காரணம் தெரிந்து எழுதி, சிறந்த பெறுபேறுகளைப் பெற வாழ்த்துகிறேன்.